போனில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள்: உங்கள் அனுபவம் என்ன?

உசிலம்பட்டி டீச்சர்:
மூன்றாம் வகுப்பு, போன் ஆப்பில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. சரியாகச் சொன்னால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பையனுக்கு 'ஜீப்ரா' வந்தது. சொன்னான், சிவப்பு. கத்திச் சொன்னான், சிவப்பு. மைக்கில் வாயை ஒட்டவைத்துச் சொன்னான், அப்பவும் சிவப்பு. சட்டென்று போனைப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டி, "நீ சொல்லுடி, உன் குரல்தான் அதுக்குப் பிடிக்கும்" என்றான். அவள் சொன்னாள், பச்சை. விசாரித்தால், பாதி வகுப்பு அவள் குரலில்தான் நட்சத்திரம் வாங்கிக்கொண்டிருக்கிறது. அவன் சொன்ன ஜீப்ரா எனக்கு நன்றாகவே புரிந்தது. தன் குரலே சரியில்லை என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டதே, அதுதான் மனசைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

செல்லூர் அம்மா:
என் மகள் இரண்டாவது. பழம், நிறம், மிருகம் எல்லாம் படத்தைத் தொட்டுத் தொட்டே முடித்துவிட்டாள். கோயிலுக்குப் போனபோது சித்திரை வீதியில் ஒரு வெளிநாட்டு அம்மா குனிந்து பெயர் கேட்டார். இவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஷேர் ஆட்டோவில் ஏறினதும் என் காதில் முழு வாக்கியமாக, ஆங்கிலத்தில், தப்பில்லாமல் பெயரைச் சொன்னாள்! தெரியாமல் இல்லை. ஆள் எதிரே நின்று கேட்டுப் பழக்கமில்லை. டீச்சர், உங்கள் பையனாவது வாயைத் திறந்தான்.

ஒத்தக்கடை சித்தப்பா:
டீச்சர், ஒரு ஜீப்ராவை வைத்து ஆப்பே ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள். என் அண்ணன் மகன் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவன். கூகுளின் வாசிப்பு ஆப் ரீட் அலாங்கில், கூடவே பேசும் தியா என்ற பொம்மை தட்டிக்கொடுத்துத்தான் ஒரு கதையை முழுசாகப் படித்தான். "சித்தப்பா, தியா சூப்பர்னு சொல்லிருச்சு" என்று தெருவெல்லாம் ஓடினான். 2019இல் 'போலோ' என்று வந்த அதே ஆப்தான். தமிழ்க் கதைகளும் உண்டு, இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். 2022 ஜூனில் நம் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் வாசிப்பு மாரத்தானே இதில்தான் நடந்தது. சிவப்புக்குக் காரணம் இருக்கிறது. குரலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பெரும்பாலும் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகியது. குழந்தைக்குத் தொண்டை சின்னது, குரல் மேலே நிற்கும், அதனால் தடுமாறும். கத்தினால் இன்னும் கெடும். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள், மைக் வைத்த இயர்போன் போடுங்கள், ஒவ்வொரு பிள்ளையாகத் தனி அறையில் உட்கார வையுங்கள், வீட்டிலும் தினமும் கால் மணி நேரம் பெற்றோரை உட்காரச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி டீச்சர்:
சித்தப்பா, ஆப்பே ஆகாது என்று நான் எங்கே சொன்னேன்? தியாவை எனக்கும் தெரியும், வாசிப்புக்கு நல்லதுதான். ஆனால் தனி அறைக்கு எங்கே போவேன்? இருப்பது ஒரு ஹால், அதில் இரண்டு வகுப்பு. போன் என் சொந்த போன். பெற்றோர் விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்கள். இந்த வெயிலில் ஃபேனை நிறுத்தினால் பிள்ளைகள் சுருண்டுவிடும். இப்போது போனில் கேட்க மட்டும் விடுகிறேன். சொல்வது பக்கத்துப் பிள்ளையிடம். செல்லூர் அம்மா சொன்னதைப் படித்ததும் இதையே தொடரலாம் என்று தோன்றுகிறது. அந்தப் பையன் நேற்று வரிசையில் நின்று நாலு பேரிடம் கேள்வி கேட்டான். பேச்சுப் பயிற்சியை மட்டும் அணைத்து வைக்கும் வசதியுள்ள ஆப் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.