வட்டார பஸ் திட்டத்துக்குத் தனியார் பஸ்காரர்களிடம் தகவல் வாங்குவது: படிவமா, பெர்மிட் கோப்பா, நேரில் எண்ணுவதா?

வழித்தடம்_47

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி மூன்றையும் சேர்த்து ஒரே பஸ் திட்டம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அரசுப் போக்குவரத்துக் கழகக் கணக்கு ஒரே இடத்தில் கிடைத்துவிடும். தனியார் டவுன் பஸ், ரூட் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோ, கம்பெனி வேன் எல்லாம் நூற்றுக்கணக்கான கைகளில் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் தகவலை எப்படித் திரட்டுவது என்பதுதான் கேள்வி.

வழக்கமாக நடப்பது தெரியும். 40 கேள்வி கொண்ட படிவத்தை அச்சடித்து ஓனர் சங்கத்தில் கொடுப்பார்கள். திரும்பி வருவதில் பாதி காலி; மீதியில் எல்லாக் கட்டத்திலும் "பெர்மிட்படி" என்றே எழுதியிருக்கும்.

என் கட்சி இது: முதல் கட்டத்தில் ஓனரிடம் போகவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 72ஆம் பிரிவின்படி கால அட்டவணையைப் பெர்மிட்டின் நிபந்தனையாகவே விதிக்கலாம். வண்டி எண், எந்த வழி, எத்தனை கி.மீ., நாளுக்கு எத்தனை சிங்கிள் (ஒருவழி ஓட்டம்), எந்த பஸ் ஸ்டாண்டில் எத்தனை மணிக்குப் புறப்பாடு, எல்லாம் ஆர்.டி.ஓ. கோப்பில் இருக்கும். ஆன்லைனில் பெர்மிட் எண்ணும் செல்லுபடித் தேதியும் கிடைத்தால் பெரிய விஷயம், டைமிங் தாளில்தான். அதைப் படம் எடுத்துத் தட்டச்சு செய்தால் போதும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும் என்பதால் செத்த பெர்மிட் தானாகக் கழிந்துவிடும்.

சிங்கிள்கணக்கு

கடைசி வரியில்தான் சறுக்குகிறீர்கள். புதுப்பித்த பெர்மிட் வேறு, ஓடுகிற பஸ் வேறு. நல்ல டைமிங் உள்ள பெர்மிட் ஒரு சொத்து. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் யாரும் அதைக் கைவிட மாட்டார்கள்.

கோப்பில் 18 சிங்கிள் இருக்கும், ரோட்டில் 15 தான் ஓடும். விடுபடுவது எப்போதும் ஒரே இடங்களில்: மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை, அப்புறம் ராத்திரிக் கடைசி சிங்கிள். கோப்பை நம்பித் திட்டம் போட்டால், இரவு 9.40க்குக் கிராமத்துக்கு பஸ் இருப்பதாக வரைபடம் சொல்லும்.

இது ஏதோ புள்ளிவிவரத் தகராறு என்று நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தூரம் 25 கி.மீ.க்குள், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதை. ஒரு 20 கி.மீ. வழித்தடத்துக்கு அது 13 கி.மீ. உண்மையில் 14 கி.மீ. பஸ் இல்லாமல் கிடக்கிறது, ஆனால் அதில் 3 கி.மீ. மீது பெர்மிட் மட்டும் உயிரோடு இருக்கிற ஒரு பஸ் "ஓடுகிறது" என்றால் கணக்கு 11 ஆகிவிடும். வழித்தடமே தகுதி இழக்கும். ஓடாத பஸ் ஓடுகிற பஸ்ஸைத் தடுக்கிறது.

ஓனர்பக்கம்

ரெண்டு பேரும் எங்களைக் களவாணியாட்டவே பேசறீங்க. சிங்கிள் ஏன் கட் ஆகுதுன்னு ஒரு கட்டமாவது அந்தப் படிவத்துல இருக்குதுங்களா?

கணக்கு இதுதானுங்க. 18 கி.மீ. ஒரு சிங்கிள். வண்டி லிட்டருக்கு நாலரை கொடுக்குதுன்னா 4 லிட்டர் டீசல், 370 ரூபாய்க்குப் பக்கம். டிரைவர், கண்டக்டர் பேட்டா தனி. டிக்கெட் கட்டணம் 2018 ஜனவரியில மாத்துனது, அதுக்கப்புறம் தொடவே இல்லை. 2021 மே மாசத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ரெண்டு நிமிசம் முன்னாடி அந்த பஸ் போயிருச்சுன்னா மத்தியான சிங்கிளுக்கு எங்க வண்டியில ஏறுறது பத்துப் பேரு. நீங்க ஓட்டுவீங்களா?

அதுக்கு மேல, வசூல் எவ்வளவுன்னு எழுதச் சொன்னா யாருங்க எழுதுவாங்க? இன்னைக்குத் திட்டத்துக்குன்னு வாங்குவீங்க. நாளைக்கு ஆர்.டி.ஐ. போட்டு அதே ரூட்டுல டைமிங் கேக்கிறவன் கையில இருக்கும்.

நிறுத்தம்_ஐடி

ஆர்.டி.ஐ. பயத்துக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, 8(1)(டி) பிரிவு: வணிக ரகசியத்தைத் தர மறுக்கலாம். ஆனால் பொதுநலன் பெரிது என்று அதிகாரி முடிவு செய்தால் கொடுக்கவும் செய்யலாம், ஆகவே அது முழுப் பூட்டு இல்லை. சரியான வழி வசூலையே வாங்காமல் இருப்பதுதான். வழித்தடத் திட்டத்துக்கு ரூபாய் வேண்டாம், ஆள் எண்ணிக்கை போதும். அதையும் வண்டிவாரியாக வெளியிடக் கூடாது. வழித்தடத்துக்கு, மணிக்கு இத்தனை பேர் என்று கூட்டித் தர வேண்டும். மூன்று ஓனருக்குக் குறைவாக உள்ள வழித்தடத்தில் எண்ணை மறைக்க வேண்டும்.

ஓனர்பக்கம்

கிராமத்து ரூட்டுல பாதிக்குமேல ஒரே ஒரு தனியார் வண்டிதானுங்க. உங்க விதிப்படி பாத்தா அத்தனையும் மறைச்சாகணும். அப்புறம் எதை வெச்சுத் திட்டம் போடுவீங்க?

நிறுத்தம்_ஐடி

நியாயமான கேள்வி. திட்டம் போடுகிறவர் பார்க்கலாம், வெளியிடுவதில்தான் மறைப்பு. அந்த வேறுபாட்டை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: யார் பார்ப்பார்கள், எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், ஆர்.டி.ஓ. நடவடிக்கைக்கு இந்தத் தாளைப் பயன்படுத்த மாட்டோம் என்பது வரை. அந்தக் கடைசி வரி இல்லாமல் சிங்கிள் விவரம் யாரும் உண்மையாகத் தர மாட்டார்கள்.

வழித்தடம்_47

"ஆர்.டி.ஓ. நடவடிக்கைக்குப் பயன்படுத்த மாட்டோம்" என்று எழுதிக் கொடுக்க யாருக்கு அதிகாரம்? வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். திட்டக் கூட்டத்துக்கும் பெரும்பாலும் அவரே தலைவர். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வாக்குறுதி. ஓனர் நம்பமாட்டார், நம்பவும் தேவையில்லை.

ஜி.பி.எஸ். இருக்கும்போது இத்தனை கெஞ்சல் எதற்கு? ஏ.ஐ.எஸ். 140 தரத்திலான ஜி.பி.எஸ். கருவி 2019 ஜனவரியிலிருந்து புதிய பயணிகள் வாகனங்களுக்குக் கட்டாயம். ஓடியதா இல்லையா என்பதை வண்டியே சொல்லும்.

நிறுத்தம்_ஐடி

வண்டி எங்கே இருந்தது என்றுதான் சொல்லும். எந்த சிங்கிள் என்று சொல்லாது. ஒரே ஓனருக்கு நாலு பெர்மிட், அஞ்சு வண்டி. ஒன்று எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று வாங்க) போனால் ஸ்பேர் வண்டி அந்த டைமிங்கில் ஓடும். ஜி.பி.எஸ். வண்டி எண்ணோடு கட்டுண்டது, அட்டவணை பெர்மிட்டோடு கட்டுண்டது. இரண்டையும் சேர்க்கும் ஒரே காகிதம் அன்றைய டிரிப் ஷீட், அது ஓனர் கையில் இருக்கிறது. சுற்றி வந்தாலும் அவர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பீர்கள்.

2019க்கு முந்தைய வண்டி, சிம் ரீசார்ஜ் தீர்ந்துபோன கருவி, ஷெட்டில் பேட்டரி கழற்றியது, இவற்றை நான் எண்ணவே இல்லை.

சிங்கிள்கணக்கு

டைம் கீப்பர் நோட்டை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். காந்திபுரம், உக்கடம், சிங்காநல்லூர் மாதிரி ஸ்டாண்டுகளில் வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் பதிவாகிறது. போட்டி ஓனர் பார்த்துக்கொண்டே இருப்பதால் அதில் பொய் எழுதுவது கஷ்டம்: ஒரு நிமிடம் தள்ளி எடுத்தாலே சண்டை. ஒரு வார நோட்டையும் பெர்மிட் டைமிங்கையும் பக்கத்தில் வைத்தால் எது கட் என்று அரை நாளில் தெரிந்துவிடும்.

இதன் ஓட்டை மறுமுனை. ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியதைத்தான் நோட்டு சொல்லும். 18 கி.மீ. பாதையில் 14ஆவது கி.மீ.யிலேயே ஆளில்லை என்று திருப்பிவிட்டால் நோட்டில் அது முழு சிங்கிள். அதனால் கடைசி நிறுத்தத்தில் டீக்கடைக்காரரிடமும் பள்ளி வாட்ச்மேனிடமும் "ராத்திரி பஸ் வருதா" என்று ஒரு கேள்வி.

படிவத்தில் வைத்தே ஆக வேண்டிய இன்னொரு கேள்வி: ஒரு நாள் டீசல் எத்தனை லிட்டர். 18 சிங்கிள், ஒவ்வொன்றும் 18 கி.மீ., மொத்தம் 324. நாலரை மைலேஜில் 72 லிட்டர் வேண்டும். 60 தான் என்றால் வண்டி 270 கி.மீ. ஓடியிருக்கிறது, அதாவது 15 சிங்கிள்.

ஓனர்பக்கம்

அந்தக் கணக்குல ஷெட்டுல இருந்து ஸ்டாண்டுக்கு வெறும் வண்டியா வர்றது எங்கீங்க? போக வர 12 கி.மீ. வெச்சுக்குங்க. காலையில படிக்கட்டு வரைக்கும் கூட்டத்தோட சிக்னல் சிக்னலா நின்னு போற வண்டி நாலு கொடுத்தாப் பெரிசு. அதே வண்டி பைபாஸ்ல அஞ்சு கொடுக்கும். பம்புல ஃபுல் டேங்க் அடிக்கிறது ரெண்டு நாளைக்கு ஒருக்கா. ஒரு நாள் பில்லை வெச்சு சிங்கிள் கட்டுன்னு முடிவு பண்ணினா அது தப்பு.

சிங்கிள்கணக்கு

ஒரு மாத மொத்த லிட்டர் எடுத்துக்கொள்ளலாம், வெறும் ஓட்டத்தையும் கழிக்கலாம். இதை ஆதாரமாக வைத்துக் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. எந்த வழித்தடத்துக்கு ஆள் அனுப்பி எண்ணுவது என்று பொறுக்கத்தான்.

பிரிவு_ஸ்டாப்

பஸ் எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். ஆள் எண்ணிக்கை எங்கிருந்து வரும்? டிக்கெட் மெஷின் என்று சொல்லிவிடாதீர்கள். அது ஸ்டேஜைத்தான், அதாவது கட்டணப் பகுதியைத்தான் பதியும், நிறுத்தத்தை அல்ல. ஒரு ஸ்டேஜுக்குள் மூன்று நிறுத்தம் இருந்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். இறங்கிய இடம் டிக்கெட் வாங்கிய ஸ்டேஜ்தானா என்பதும் உறுதியில்லை. அரசு பஸ்ஸில் மகளிர் பூஜ்யக் கட்டண டிக்கெட் பதிவாகும், மாணவர் பாஸ் பதிவாகாது. தனியாரில் பாஸ் கிடையாது, ஆனால் கூட்ட நேரத்தில் காசு வாங்கி டிக்கெட் கிழிக்காமல் போவது உண்டு. இரண்டு கணக்கையும் கூட்டினால் வருவது இரண்டுக்குமே பொருந்தாது.

வண்டியில் ஏறி எண்ண வேண்டும். முன் படி ஒருவர், பின் படி ஒருவர். தாளில் நாலே கட்டம்: நிறுத்தம், நேரம், ஏறியது, இறங்கியது. கடைசி நிறுத்தத்தில் இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இடித்தால் அந்த சிங்கிளைக் கழித்துவிட்டு மறுபடி. காலை முதல் சிங்கிளிலிருந்து ராத்திரி கடைசி வரை ஒரே வண்டி. பீக் நேரம் மட்டும் எண்ணிப் பெருக்குவதில் மதிய வெறுமை மறைந்துபோகும்.

நாள் தேர்வு இன்னும் முக்கியம். முகூர்த்த நாள், பரீட்சை லீவு, பொங்கலுக்கு முந்தைய வாரம் கூடாது. பொள்ளாச்சிப் பக்கம் மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும். அன்று தனியாக ஒரு எண்ணிக்கை, புதனன்று தனியாக ஒன்று. இரண்டையும் சராசரி போட்டால் எந்த நாளுக்கும் உதவாது.

வழித்தடம்_47

செலவு? ஒரு வண்டிக்கு இரண்டு பேர், இரண்டு ஷிஃப்ட், நாலு ஆள். 200 வண்டி என்றால் 800 ஆள்-ஷிஃப்ட், அதுவும் ஒரே ஒரு நாளுக்கு.

பிரிவு_ஸ்டாப்

200ஐயும் யார் எண்ணச் சொன்னது? டைம் கீப்பர் நோட்டும் பெர்மிட்டும் ஒத்துப்போகிற வழித்தடத்தில் பத்தில் ஒன்று போதும். ஒத்துப்போகாததில்தான் முழுசாக எண்ண வேண்டும்.

நிறுத்தம்_ஐடி

நிறுத்தப் பெயர் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கம்பத்தைப் பெர்மிட் "பிரிவு" என்று சொல்லும், கண்டக்டர் "பிள்ளையார் கோயில்" என்பார், மினி பஸ்காரர் "ரேஷன் கடை" என்பார். மூன்று படிவம் வந்தால் மூன்று நிறுத்தம் பிறந்துவிடும். படிவம் அனுப்பும் முன்பே கம்பத்துக்குக் கம்பம் எண் கொடுத்துவிட வேண்டும். போகிற பக்கம் ஒன்று, வருகிற பக்கம் ஒன்று. இருப்பிடம் ஐந்து தசம இடம் வரை. நாலு என்றால் ஒரு படி 11 மீட்டர், அகலம் குறைந்த ரோட்டில் கம்பம் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

ஜி.டி.எஃப்.எஸ். (பயண ஆப்கள் படிக்கும் கால அட்டவணை வடிவம்) கோப்பாக மாற்றும்போது ஸ்டாண்டில் மட்டும் உறுதியான நேரம், நடு நிறுத்தங்களில் தோராய நேரம் என்று குறிக்க வசதி இருக்கிறது. அதைச் செய்யாமல் எல்லா நிறுத்தத்துக்கும் நிமிடக் கணக்கில் நேரம் போட்டால் பயணி முதல் நாளே போனிலிருந்து ஆப்பைத் தூக்கிவிடுவார். நள்ளிரவு தாண்டும் சிங்கிளை 24:20 என்று எழுத வேண்டும். 00:20 என்றால் ஒரு நாள் முன்னதாகப் போய்விடும்.

உக்கடம்_கிழக்கு

ஷேர் ஆட்டோ, கம்பெனி வேன் பக்கம் யாருமே போகவில்லையே?

சிங்கிள்கணக்கு

ஷேர் ஆட்டோவுக்குப் படிவம் கொடுக்கவே கூடாது. அவர்கள் பெர்மிட் ஒப்பந்த ஊர்தி, அதாவது முழு வண்டியையும் வாடகைக்கு விடுவதற்கானது. தலைக்கு இவ்வளவு என்று ஏற்றுவது பெர்மிட் மீறல். "எந்த ரூட்டில் எத்தனை பேர்" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்பது வாக்குமூலம் கேட்பதுதான். ஸ்டாண்டில் நின்று, எத்தனை பேர் ஏறியதும் வண்டி கிளம்புகிறது, முதல் ஆள் உட்கார்ந்ததிலிருந்து கிளம்ப எத்தனை நிமிடம் என்று மட்டும் குறித்தால் போதும். வண்டி எண் வேண்டாம். அட்டவணையாக அல்லாமல் "சராசரி இத்தனை நிமிடத்துக்கு ஒன்று" என்று பதியலாம்.

கம்பெனி வேன் தலைகீழ். மோட்டார் வாகனச் சட்டம் 76ஆம் பிரிவின்படி, சொந்த ஆட்களை ஏற்றுவதற்கான பெர்மிட்டில் ஓடுவதால் மறைக்க ஒன்றுமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி எச்.ஆரிடம் ஷிஃப்ட் நேரமும் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்பதும் கேட்டால் தந்துவிடுவார்கள். பஸ் இல்லாததால் வேன் ஓடும் ஊர்களின் பட்டியல் அதுதான். திட்டத்துக்கு இதைவிட மலிவான தகவல் கிடையாது, ஆனால் அதைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஓனர்பக்கம்

சரிங்க. வசூல் கட்டத்தை எடுத்துருங்க. சிங்கிள் ஏன் கட்டுன்னு காரணம் எழுத ஒரு கட்டம் வையுங்க: ஆள் இல்லை, டிரைவர் இல்லை, ரோடு மோசம், முன்னாடி அரசு பஸ். படிவத்தை ஓனர் வீட்டுக்கு அனுப்பாதீங்க, செக்கர்கிட்டக் கொடுங்க, அவருக்குத்தான் தெரியும். ஒரே பக்கம் இருக்கோணும். டீசல் கட்டமும் வேண்டாம்.

சிங்கிள்கணக்கு

டீசல் கட்டம் இருக்கும்.

ஓனர்பக்கம்

அப்ப அதுல "பெர்மிட்படி"ன்னு எழுதிக் கொடுத்தர்றோமுங்க.