செக்கோயா தோப்புகளில் சருகு எரிப்பவர்களோடு பேசியபோது

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் மாபெரும் செக்கோயா மரங்களைப் பார்க்க வருபவர்கள், கரி படிந்த தரையையும் ஆங்காங்கே ஆளுயரத்துக்கு அடுக்கி மூடி வைத்திருக்கும் சுள்ளிக் குவியல்களையும் கண்டு, பாதுகாக்கப்பட்ட காட்டில் இதற்கெல்லாம் யார் அனுமதி கொடுத்தார்கள் என்று வருத்தத்தோடு கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் குவியல்களை அடுக்குபவர்களோடும் அவற்றுக்குத் தீ வைப்பவர்களோடும் பேசும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. இந்த மரங்களைக் காப்பாற்றுவதற்கு அவர்கள் செய்யும் வேலையைவிட முக்கியமானது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மரத்தின் இயல்பிலிருந்து தொடங்குகிறேன். முதிர்ந்த செக்கோயாவின் பட்டை சில இடங்களில் 60 செ.மீ. வரை தடித்திருக்கும்; தரையோடு ஊர்ந்து செல்லும் தீ அதை எளிதில் துளைக்காது. அதன் கூம்புக் காய்கள் பச்சையாக, மூடியபடியே 20 ஆண்டுகள்கூடக் கிளையில் தங்கியிருக்கும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலேறி அவற்றை உலர்த்தும்போது விதைகள் மொத்தமாக உதிர்கின்றன. சருகு எரிந்து வெறும் மண் தெரியும் இடத்தில்தான் அந்தச் சின்னஞ்சிறு விதை வேரூன்றும். மர வளையங்களில் பதிந்த தீத்தழும்புகளை ஆராய்ந்தவர்கள், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தோப்புகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையோ சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறையோ தீ வந்து போனதைக் கண்டறிந்துள்ளனர். மின்னல் மட்டுமே அதற்குக் காரணம் அல்ல; அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களும் காட்டைத் திட்டமிட்டு எரித்து வந்தார்கள். அவர்களை நிலத்திலிருந்து அகற்றிய பிறகு, தீயை அணைப்பதே காவல் என்ற கொள்கை வேரூன்றியது. 1935இல் அமெரிக்க வனத்துறை, எந்தத் தீயையும் கண்ட மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று விதியே வகுத்தது.

அதன் விளைவை, யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள மாரிப்போசா செக்கோயாத் தோப்பில் பணியாற்றிய ஒரு வனக்காவலர் எனக்குக் காட்டினார். நிழலில் வளரும் வெள்ளை ஃபிர் மரங்கள், தீ வராத அந்தப் பல பத்தாண்டுகளில் செக்கோயாக்களின் காலடியில் நெருக்கமாக எழுந்துவிட்டன. தரைத்தீ அவற்றின் தாழ்ந்த கிளைகளைப் பற்றினால், ஏணியில் ஏறுவதுபோல் செக்கோயாவின் உச்சி வரை போய்விடும். பட்டை எவ்வளவு தடித்திருந்தாலும், உச்சியின் இலைகள் முழுவதும் கருகிவிட்டால் மரம் பிழைப்பதில்லை. 1960களில் சூழலியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் இதே தோப்பில் ஆய்வு செய்தபோது, தீ இல்லாமையே இம்மரங்களுக்குப் பெரிய ஆபத்து என்று எச்சரித்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களிலும், 1971 முதல் மாரிப்போசாவிலும் திட்டமிட்ட எரிப்பு தொடங்கியது.

அத்தகைய எரிப்பு ஒன்றை, இலையுதிர் காலத்தின் முதல் மழைக்குப் பிறகு, சாலையோரத்தில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். வேலையில் பெரும்பங்கு தீ வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சிறு மரங்களைக் கையால் அறுத்துக் குவிக்கிறார்கள். பெரிய மரங்களின் அடியில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த மட்கிய சருகை வாரி விலக்குகிறார்கள். அந்தச் சருகு சுடரில்லாமல் நாள்கணக்கில் கனன்று வேர்களையும் தண்டின் அடியையும் வேகவைத்துவிடும் என்பதால் இதை அவசரமாகச் செய்ய முடியாது. காற்று, ஈரப்பதம், வெப்பம் மூன்றும் வகுத்த வரம்புக்குள் இருந்தால்தான், காற்று மாசு அதிகாரிகளும் ஒப்புக்கொண்டால்தான், தீப்பந்தம் கையிலெடுக்கப்படும். சரிவின் மேற்புறத்தில் தொடங்கிப் பட்டை பட்டையாகக் கீழிறங்கினார்கள். சுடர் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை.

எரிக்கப்படாத தோப்புகளுக்கு நேர்ந்ததை எழுதவே மனம் கனக்கிறது. 2020இல் ‘காசில்’ எனப் பெயரிடப்பட்ட காட்டுத்தீ மட்டும் 7,500 முதல் 10,600 வரையிலான பெரிய செக்கோயாக்களைக் கொன்றிருக்கும் என்று தேசியப் பூங்காத் துறை மதிப்பிட்டது. மறு ஆண்டு கே.என்.பி. தீயும் விண்டி தீயும் வந்தன. இரண்டே ஆண்டுகளில் உலகில் உள்ள பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை அழிந்தன. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளாக எத்தனையோ தீயைத் தாங்கி நின்ற மரங்கள் அவை.

2022 ஜூலையில் வாஷ்பர்ன் தீ மாரிப்போசா தோப்புக்குள் நுழைந்தது. கிரிஸ்லி ஜயண்ட் மரத்தைச் சுற்றி நீர்த்தெளிப்பான்கள் வைக்கப்பட்டன. படங்களில் எல்லோரும் பார்த்தது அதைத்தான். ஆனால் தீ தோப்பை அடைந்ததும் தணிந்து தரையோடு நின்றதற்கு, அரை நூற்றாண்டாக அங்கே சருகையும் சுள்ளியையும் எரித்து வந்ததே முதன்மைக் காரணம் என்று தீயணைப்புப் பணியில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

எதிர்ப்பவர்களின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. அதே ஆண்டில் யோசெமிட்டியில் மரம் வெட்டுவதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. தீப்பற்றக்கூடிய மரங்களையும் சருகையும் குறைக்கிறோம் என்ற பெயரில் விலைபோகும் பெரிய மரங்கள் லாரி ஏறிவிடக் கூடாது என்ற அச்சத்துக்கு அமெரிக்க வனங்களின் வரலாற்றில் இடமிருக்கிறது. எனவே அறுப்பது சிறு மரங்களோடு நிற்க வேண்டும், எங்கே தீ ஒன்றே போதுமோ அங்கே ரம்பம் வேண்டாம் என்பது என் கருத்து. ஆயினும், நூறாண்டுச் சுமை குவிந்து கிடக்கும் இடத்தில் அறுக்காமல் நேரே தீ வைப்பது, காக்க வந்த மரத்தையே பணயம் வைப்பதாகும்.

புகையும் உண்மையான துன்பம்தான். செக்கோயா பூங்காவை அடுத்த த்ரீ ரிவர்ஸ் ஊரில், ஆஸ்துமா உள்ள மகனை வளர்க்கும் ஒரு தாய், 2021இல் காட்டுத்தீக்காக வீட்டைவிட்டு வெளியேறியதையும் அதன் பிறகு வாரக்கணக்கில் நீடித்த புகையையும் சொல்லிவிட்டு, இலையுதிர் காலத்தில் சில நாள் எரிப்பைத் தன்னால் ஏற்க முடியும், எரிக்கும் தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை அது. எரித்த இடத்தில் ஊசியிலை மீண்டும் உதிர்ந்து சேர்வதால், ஒவ்வொரு பகுதிக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வந்தே ஆக வேண்டும்; பெருந்தீயின்போது மட்டும் கூட்டப்படும் ஆட்களை வைத்து இதைச் செய்ய முடியாது. ஆண்டு முழுவதும் இதற்கென்றே நிலையான குழுக்களும் ஊதியமும் வேண்டும் என்று நான் சந்தித்த ஒவ்வொருவரும் வலியுறுத்தினார்கள்.