நடுவில் குட்டிக் கண்ணாடி மறைக்கிறதே, நிலாவில் ஓட்டை விழாதா?

கேள்வி:
புதுசாக 6 இன்ச் நியூட்டோனியன் (லென்ஸுக்குப் பதில் குழிக் கண்ணாடி ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) வாங்கியிருக்கேன். குழாய் வாயருகே நட்டநடுவில் சாய்வாக ஒரு குட்டிக் கண்ணாடி நிற்கிறது. வெளிச்சத்தை மறைக்குமே? ஆனால் நேற்று நிலா முழுசாகத் தெரிந்தது. எப்படி?

பதில் 1:
தம்பி, நானே கண்ணாடி தேய்த்து 6 இன்ச் ஒன்று செய்தபோது எனக்கும் இதே சந்தேகம். நிலாவின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி அடியிலுள்ள பெரிய கண்ணாடி முழுவதும் விழுகிறது. அதன் பரவளையக் குழிவு, நிலாவின் ஒரு புள்ளியிலிருந்து வந்த ஒளி அத்தனையையும் படத்தில் ஒரே புள்ளியில் சேர்க்கிறது. நடுவில் கொஞ்சம் மறைந்தாலும் மீதி ஒளி அதே புள்ளிக்குத்தான் போகும். படம் முழுசு, வெளிச்சம்தான் குறையும். என்னுடையதில் பெரிய கண்ணாடி 150 மி.மீ. அகலம், சின்னது 35. மறைவது பரப்பளவில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல்.

ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கழற்றி அங்கே டிரேசிங் பேப்பர் பிடித்து, ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்பு. ஓரிடத்தில் நிலா தலைகீழாகப் பளிச்சென்று விழும். குவியத்தூரம் (பெரிய கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையான தூரம்) 1200 மி.மீ. என்றால் அந்த நிலா 11 மி.மீ. அகலம், சட்டைப் பொத்தான் அளவு! அதைத்தான் ஐபீஸ் பெரிதாக்குகிறது. சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதே.

பதில் 2:
ஓட்டையைப் பார்க்கணும்னா, பிரகாசமான நட்சத்திரத்தை வைத்து ஃபோகஸை நன்றாக விலக்குங்க. நட்சத்திரம் வட்டமாக விரியும், நடுவில் கருப்புப் பொட்டு தெரியும். அதுதான் குட்டிக் கண்ணாடியின் நிழல்.

பதில் 3:
தமிழ்நாட்டின் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியில் 2.34 மீட்டர் கண்ணாடி. அதன் நடுவிலேயே துளை உண்டு. மேலே உள்ள இரண்டாம் கண்ணாடி ஒளியை அந்தத் துளை வழியே பின்னால் அனுப்பும்.

கேள்வி கேட்டவர்:
பேப்பரில் விழுந்தது அண்ணா! அம்மாவையும் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.