சர்க்கரையும் வெல்லமும் இல்லாமல் காய், பழத்தில் குழந்தைகளுக்கு இனிப்பு: சுவை ஏறாதது ஏன்?

மயூர்விகார் வாசகி:

டெல்லியில் இப்போது சிவப்புக் கேரட், சர்க்கரைவள்ளி, பச்சைப் பட்டாணி எல்லாம் நன்றாகக் கிடைக்கிற நேரம். வீட்டில் இரண்டரை வயதுப் பெண், பள்ளிக்குப் போகும் ஐந்து வயதுப் பையன். இருவருக்கும் சர்க்கரையோ வெல்லமோ சேர்க்காமல், காயும் பழமும் தரும் இனிப்பை மட்டும் வைத்துச் சில பண்டங்கள் செய்ய வேண்டும்.

சர்க்கரைவள்ளியைக் குக்கரில் வைத்தால் நீர் கோத்துக்கொண்டு சப்பென்று இருக்கிறது. அதே கிழங்கைத் தெருவில் தணலில் சுட்டு சகர்கந்தி என்று விற்கிறார்கள், அதுவோ அப்படி இனிக்கிறது. கேரட் அல்வாவில் சர்க்கரைக்குப் பதில் பேரீச்சை விழுது போட்டால் அடிபிடித்துக் கறுக்கிறது, சில சமயம் பாலும் திரிகிறது. ரவா கேசரியில் சர்க்கரையை விட்டுவிட்டு வாழைப்பழம் மசித்துப் போட்டால் கட்டி கட்டியாக, ரவை வேகாத மாதிரி வருகிறது. இவை ஏன் இப்படி ஆகின்றன? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? கேஸ் அடுப்பிலேயே முடிகிற முறையாக இருந்தால் நல்லது.

முனிர்கா அடுப்பு:

கிழங்கு அதேதான், சூடு ஏறும் வேகம்தான் வேறு. சர்க்கரைவள்ளியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அதை மால்டோஸ் என்கிற சர்க்கரையாக மாற்றும் நொதி கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. கிழங்கின் உட்புறம் சுமார் 60 முதல் 75 டிகிரி சூட்டில் இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். 80ஐத் தாண்டிவிட்டால் செயலிழந்து போகும். குக்கரும் மைக்ரோவேவும் இந்தக் கட்டத்தைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகின்றன. கிழங்கு வெந்துவிடும், இனிப்பு உருவாக நேரம் கிடைக்காது. தணலில் சூடு மெதுவாக ஏறுகிறது. கூடவே நீரும் வற்றுவதால் இனிப்பு செறிகிறது.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். கனமான இரும்புக் கடாய் அல்லது பழைய அடிகனமான குக்கர், கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பு பரப்புங்கள். கழுவித் துடைத்து ஈரம் போன கிழங்குகளைத் தோலோடு ஒரே அடுக்காக வைத்து மூடி, மிகச் சிறிய தீயில் விடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை திருப்புங்கள். 150 கிராம் கிழங்குக்கு 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நுனியில் பாகு கசிந்து பழுப்பாக ஒட்டிக்கொள்ளும், அழுத்தினால் உள்ளே நெகிழும், அதுதான் பதம். உப்பு தோலைத் தாண்டி உள்ளே போகாது. அதே உப்பை எடுத்துவைத்து மறுபடி இதற்கே பயன்படுத்தலாம். ஓடிஜி என்கிற மின்சார அடுப்பில் என்றால் முன்சூடு செய்யவே வேண்டாம். குளிர்ந்த அடுப்பில் வைத்து 160 டிகிரியில் 75 முதல் 90 நிமிடம்.

வாங்கும்போது ஒல்லியாக, ஒரே பருமனில் உள்ளதாகப் பொறுக்குங்கள். வாங்கியதும் சுடாமல் ஒரு வாரம் கூடையில் காற்றாட வைத்தால் இன்னும் இனிக்கும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்கக் கூடாது, குளிர் பட்ட கிழங்கின் நடுப்பகுதி எவ்வளவு வேகவைத்தாலும் கட்டையாகவே இருக்கும்.

சுட்டதை அப்படியே கொடுப்பதுதான் சிறந்தது. மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் அடை தட்டலாம்: ஆறின மசியல் 200 கிராம், தேங்காய்த் துருவல் 2 மேஜைக்கரண்டி, அரிசி மாவு 3 மேஜைக்கரண்டி, ஏலப்பொடி ஒரு சிட்டிகை. உள்ளங்கை அளவில் தட்டி, நெய் தடவிய கல்லில் சிறுதீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். திருப்பும்போது உடைந்தால் மசியல் சூடாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். மாவை அள்ளிப் போட்டுச் சரிசெய்யாதீர்கள், இனிப்பு போய்விடும். ஆற விட்டாலே இறுகும்.

கேரட்டுக்கு வருகிறேன். குளிர்காலச் சிவப்புக் கேரட்டை விட்டு ஆரஞ்சுக் கேரட்டில் இதைச் செய்யாதீர்கள், சர்க்கரை இல்லாதபோது வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். சிவப்பிலும் தலைப்பக்கம் பருத்து, குறுக்கே வெட்டினால் நடுத்தண்டு வெளிறி நாராக இருப்பதைத் தவிருங்கள். அப்படி ஒன்றிரண்டு வந்துவிட்டால் தண்டை நீக்கிவிட்டுத் துருவுங்கள்.

அரை கிலோ துருவலை 2 தேக்கரண்டி நெய்யில், மிதமான தீயில், பச்சை வாசனை போய் அளவு பாதியாகக் குறையும்வரை வதக்குங்கள், பத்து நிமிடம் ஆகலாம். அதன் பிறகுதான் பால். அரை லிட்டர் ஃபுல் கிரீம் பாலைக் காய்ச்சி, சூடாகவே ஊற்றுங்கள். கேரட்டில் லேசான புளிப்புத்தன்மை உண்டு. பச்சைத் துருவலில் பழைய பால் விழுந்தால் திரிவது அதனால்தான். சிறுதீயில் 35, 40 நிமிடம் வற்ற வேண்டும். பாலுக்குள்ளேயே நூறு மி.லி.க்கு ஏறக்குறைய ஐந்து கிராம் சர்க்கரை இருக்கிறது. வற்ற வற்ற அதுவும் சேர்ந்துதான் இனிப்பாகிறது. பாதியில் இறக்கி, இனிப்பு போதவில்லை என்று பேரீச்சையைக் கூட்டுவதுதான் பலரும் செய்வது.

பேரீச்சை கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும். ஆறு பழத்தைக் கொட்டை நீக்கி, கால் கப் சூடான பாலில் ஊறவைத்து அரைத்து, கரண்டியால் கிளறினால் பாத்திரத்தின் அடி தெரிகிற பக்குவத்தில் சேருங்கள். முதலிலேயே போட்டால் அதிலுள்ள சர்க்கரை அடியில் தங்கிக் கருகும்.

கரோல்பாக் மாமி:

முனிர்கா சொன்னது அத்தனையும் சரி. பரங்கியையும் வாழைப்பழத்தையும் நான் சொல்றேன்மா.

பரங்கிக்காயில பிஞ்சை வாங்கிட்டு இனிக்கலைன்னா அது காயோட குத்தம் இல்லை. தோல்ல நகம் இறங்கக் கூடாது, காம்பு காய்ஞ்சு கட்டையா இருக்கணும், உள்ளே சதை நல்ல காவி நிறமா இருக்கணும். வெட்டி வச்சதை வாங்கினா, விதையைச் சுத்தி வழவழன்னு நீர் விட்டிருந்தா வேண்டாம்.

பால் கூட்டுக்கு 300 கிராம் காயைத் தோல் சீவி அரை அங்குலத் துண்டாப் போட்டு, ரெண்டே மேஜைக்கரண்டி தண்ணி தெளிச்சு மூடி வை. அதோட நீரே போதும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல குழைஞ்சிடும். அப்புறம் மூடியை எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் நீர் சுண்டணும், இங்கதான் எல்லாரும் அவசரப்படறா. குழைய வேகவச்ச பாசிப்பருப்பு ரெண்டு கரண்டி, ஏலம் கொஞ்சம், கடைசியா அரை கப் கெட்டித் தேங்காய்ப்பால். பாலை விட்டதும் ஒரு கொதிகூட வரப்படாது, ஓரத்துல நுரை கட்டறப்பவே அணைச்சிடு, இல்லைன்னா எண்ணெய் தனியாப் பிரியும். இங்க கிடைக்கிற தேங்காய் பல சமயம் பழசு. ஆட்டிப் பாத்து உள்ளே தண்ணி தளும்பறதை வாங்கு. உடைச்சதும் சிக்கு வாடை அடிச்சா இதுல போடாதே, இனிப்பையே கெடுத்துடும். பசும்பாலைக் காய்ச்சி விடறது தேவலை.

வாழைப்பழம் டெல்லிக் குளிர்ல தந்திரம் பண்ணும். 12, 13 டிகிரிக்குக் கீழே போனா தோல் கறுத்துடும், ஆனா உள்ளே பழுக்காது. கறுப்பைப் பாத்துக் கனிஞ்சிடுத்துன்னு நினைச்சு மசிச்சா துவர்க்கும். மஞ்சள் மேல பழுப்புப் புள்ளி விழுந்ததுதான் கனிஞ்சது. காயா இருந்தா ஒரு ஆப்பிளோட சேர்த்துக் காகிதத்துல சுத்தி, அடுக்களை அலமாரிக்குள்ள மூடின டப்பாவுல வை. ஆப்பிள் விடற எத்திலீன் வாயு பழத்தைப் பழுக்க வைக்கும்.

குழிப்பணியாரத்துக்கு முக்கால் கப் கோதுமை மாவு, கால் கப் அரிசி மாவு, தோல் நீக்கி 200 கிராம் பழம், ரெண்டு மேஜைக்கரண்டி தேங்காய், ஏலம், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. தண்ணி கால் கப் இருந்தா போதும், இட்லி மாவு பதம். பத்து நிமிஷம் ஊறட்டும். குழிக்குக் கால் தேக்கரண்டி நெய், முக்கால் குழிதான் ஊத்தணும், மூடி மூணு நிமிஷம், திருப்பி ரெண்டு நிமிஷம், தீ குறைச்சலாவே இருக்கட்டும். பழத்துல இருக்கிற சர்க்கரை சீக்கிரம் சிவந்துடும், பெரிய தீயில வெளியே கருகி உள்ளே மாவா நிக்கும். பழம் மாவோட அளவைத் தாண்டினா எத்தனை நேரம் வச்சாலும் நடுவுல பிசுபிசுன்னுதான் இருக்கும். ஏழு குழிக் கல்லுல ரெண்டு ஈடு வரும்.

பட்டாணியைப் பத்தி ஒரு வார்த்தை. பறிச்ச நிமிஷத்துலேர்ந்து அதோட இனிப்பு மாவா மாறிண்டே இருக்கும். உரிச்சு வச்சு விக்கறதை வாங்காதே. நெத்தா வாங்கி, அன்னிக்கே உரிச்சு, நாலு நிமிஷம் ஆவில வேகவச்சு நெய் ஒரு சொட்டு. குளிர் போனப்புறம் வர்ற வாடின நெத்தைவிட சஃபல் கடை உறைஞ்ச பட்டாணி எவ்வளவோ மேல், அது பறிச்ச கையோட உறைய வைக்கறது. சின்னவளுக்கு லேசா நசுக்கிக் குடு, முழுசா வேண்டாம்.

துவாரகா ஊட்டம்:

பேரீச்சை விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். அரைத்து விழுதாக்கிக் கலந்துவிட்டால் குழந்தைக்கு நாவில் தெரிவது பேரீச்சை மட்டுமே, கேரட்டின் சுவை பழகாது. முனிர்கா சொன்ன அல்வாவை நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரைப் பழம். அந்த அளவோடு நிற்பது நல்லது. நல்ல சிவப்புக் கேரட் கிடைக்கிற இந்த மாதங்களில் அதுவும் இல்லாமல் செய்து பார்க்கலாம். பல்லில் ஒட்டும் பண்டம் என்பதால் சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்க வைக்கவும்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாமே உடலுக்குச் சர்க்கரைதான். இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்த்த பண்டங்களைத் தவிர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயதுக்குள் தேன் அறவே கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். உங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள், படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் மகளுக்குப் பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை, முழு முந்திரி வேண்டாம், தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

கேரட், பரங்கி, சர்க்கரைவள்ளி எதிலும் அரைத் தேக்கரண்டி நெய்யாவது இருக்கட்டும். அவற்றின் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உடலில் சேரும். முதல் தடவை துப்பினால் விட்டுவிடாதீர்கள். ஒரு புதிய காய் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். ஒரு ஸ்பூன் வைத்து, வற்புறுத்தாமல் எடுத்துவிட்டால் போதும்.

பீட்ரூட் கொடுத்தால் மறுநாள் சிறுநீரும் மலமும் சிவக்கலாம், பயப்பட வேண்டாம். அதன் மண்வாசனைதான் குழந்தைகளுக்குப் பிடிக்காது. தோலில்தான் அது அதிகம், தடிமனாகவே சீவுங்கள். வேகவைத்துத் துருவியபின் சில துளி புளிப்பு சேர்த்தால் வாசனை அடங்கும். இந்தப் பருவத்தில் கின்னோ என்கிற ஆரஞ்சு வகைப் பழத்தின் சாறு ஒரு தேக்கரண்டி போதும், ஆனால் தட்டில் வைக்கும்போது பிழியுங்கள். கின்னோ சாறு நேரம் ஆக ஆகவும், சூடு பட்டாலும் கசந்துவிடும்.

முனிர்கா அடுப்பு:

ஒன்றரைப் பழம் என்ற கணக்கை ஏற்கிறேன். அதற்கு மேல் நானும் போட மாட்டேன்.

கேசரி விட்டுப்போயிற்று. சர்க்கரை இருக்கும் இடத்தில் ரவை நீரை இழுத்து வேகத் தாமதமாகும். வழக்கமான கேசரியிலும் ரவை வெந்த பிறகுதானே சர்க்கரை போடுகிறோம், பழத்துக்கும் அதே ஒழுங்குதான். வாழைப்பழத்தைவிட ஆப்பிள் இதற்குப் பொருந்தும், கோந்துத்தன்மை வராது. இரண்டு இனிப்பு ஆப்பிளைத் தோல் சீவி நறுக்கி, 3 மேஜைக்கரண்டி நீர், ஒரு சிறிய துண்டு பட்டையோடு மூடி எட்டுப் பத்து நிமிடம் சிறுதீயில் வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். கால் கப் ரவையை 2 தேக்கரண்டி நெய்யில் வாசனை வர வறுத்து, முக்கால் கப் கொதிநீர் ஊற்றிக் கிளறி மூடி, முழுவதும் வெந்ததும் அரை கப் ஆப்பிள் மசியலைச் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். பட்டையை எடுத்துவிட மறக்காதீர்கள். பட்டை, ஏலம் இரண்டும் இனிப்பு கூடுதலாக இருப்பதுபோல் நாக்குக்கு உணர்த்துபவை. ஒரு துளி உப்பும் அப்படித்தான், கசப்பை அமுக்கிவிடும்.

மயூர்விகார் வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. பையனின் டிபன் டப்பாவுக்கு இதில் எது தாங்கும்? அவனுக்கு அன்னாசிப் பழம் கலந்த தயிர் பிடிக்கும், காலையில் கலந்து கொடுத்தால் மதியம் கசக்கிறதாம்.

கரோல்பாக் மாமி:

பச்சை அன்னாசியில ப்ரோமலைன்னு ஒரு நொதி இருக்கும்மா, தயிர்ல இருக்கிற புரதத்தை உடைச்சுக் கசப்பாக்கிடும். பப்பாளி, கிவியும் அந்த ஜாதிதான். அன்னாசித் துண்டுகளைச் சொந்தச் சாறுலயே அஞ்சு நிமிஷம் நல்லாக் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறினதும் தயிர்ல கலந்தா கசக்காது, கூடவே இனிப்பும் ஏறும்.

டப்பாவுக்குப் பணியாரமும் கிழங்கு அடையும் தாங்கும், ஆறினப்புறம் மூடணும், சூட்டோட மூடினா வேர்த்துக் கொழகொழன்னு ஆயிடும். அல்வாவும் கேசரியும் ஜனவரிக் குளிர்ல நெய் உறைஞ்சு வெள்ளையா நிக்கும், அதை வீட்டுலயே சூடாக் குடு. தேங்காய்ப்பால் விட்ட கூட்டையும் டப்பாவுல அனுப்பாதே.