ஸ்டேஜ் 5 பேக்ஹோ, எக்ஸ்கவேட்டர்: டெஃப், டிபிஎஃப் தொல்லைகள் – அனுபவப் பகிர்வு

சைட் மெக்கானிக்
டெஃப் (புகையைச் சுத்தம் பண்ண சைலன்சர் பைப்புல தெளிக்கிற யூரியா கரைசல்) லைன் அடைப்புன்னு வர்ற மெஷின்ல முதல்ல கேட்க வேண்டிய கேள்வி: சாவியை ஆஃப் பண்ணின கையோட பேட்டரி ஐசோலேட்டரையும் (பேட்டரியைத் துண்டிக்கிற சுவிட்ச்) திருப்புறாங்களா? இன்ஜின் நின்ன பிறகும் டெஃப் பம்ப் ரிவர்ஸ்ல ஓடி, ஹோஸ்லயும் டோசர்லயும் (டெஃபைத் தெளிக்கிற இன்ஜெக்டர்) மிச்சமிருக்கிறதை டேங்குக்கே இழுத்துக்கும். ஐசோலேட்டர் பக்கத்துல விளக்கு இருந்தா அது அணையுற வரைக்கும் பொறுக்கணும். இல்லாத மெஷின்ல ரெண்டு மூணு நிமிஷம். அதுக்குள்ள கட் பண்ணினா உள்ளே நின்னதுல தண்ணி ஆவியாகி, யூரியா வெள்ளை உப்பா இறுகிடும். டெஃப்ல 32.5 சதவீதம் யூரியாதானே.

டோசரைக் கழற்றி, நுனியை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில ஊறவிட்டா உப்பு கரையும். கனெக்டர் நனையக் கூடாது. கம்பி, குண்டூசி விட்டு நோண்டவே கூடாது. துளை கொஞ்சம் பெரிசானாலும் ஸ்ப்ரே சிதறாம சொட்டும், அடுத்து சைலன்சர் பைப்புக்குள்ள கட்டி கட்டும். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் புதுசு போடுங்க.

ஸ்டோர் இன்சார்ஜ்
ஐசோலேட்டர் சரி. ஆனா நாக்ஸ் (புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடு) சென்சார் எர்ரர் கோடு வந்தா ஆளாளுக்கு சென்சாரை மாத்துறாங்களே, அதுக்கு முன்னாடி டேங்குல இருக்கிற டெஃபைப் பாருங்க. டெஃப் ரிஃப்ராக்டோமீட்டர்ல ரெண்டு சொட்டு விட்டா 32.5 காட்டணும். 28, 29 காட்டினா யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க. ரிஃப்ராக்டோமீட்டர் அடர்த்தியை மட்டும்தான் சொல்லும். உர யூரியாவை போர் தண்ணியில கரைச்சு ஊத்தினாலும் 32.5 காட்டும். ஆனா அதுல இருக்கிற கால்சியமும் பையூரெட்டுங்கிற கசடும் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்டைக் கெடுத்துடும்.

டெஃபுக்கு ஆயுசும் உண்டு. 25 டிகிரியில 18 மாசம், 35 டிகிரியில 6 மாசம்தான். தகர ஷெட்ல மே மாசம் பூரா கேன் கிடந்தா கணக்குப் போட்டுக்குங்க. பித்தளைக் குழாய், கால்வனைஸ் வாளி, டீசல் புனல் எதுவும் டெஃப் பக்கமே வரக் கூடாது.

ஹைட்ராலிக் கை
74 எச்.பி. பேக்ஹோவுல டெஃப் டேங்க் எங்கேன்னு தேடுறவங்களுக்கு: 74 எச்.பி.ன்னா ஏறக்குறைய 55 கிலோவாட். 56-ஐத் தொட்டாத்தான் நாக்ஸ் வரம்பு கிலோவாட்-மணிக்கு 0.4 கிராம்னு இறுகுது, எஸ்சிஆர் (டெஃபை வச்சு நாக்ஸைக் குறைக்கிற கேட்டலிஸ்ட்) தேவைப்படுது. அதனால இதுல டெஃப் டேங்க் தேவைப்படல. இந்தியாவுல சக்கர மெஷினுக்கு 2025 ஜனவரி 1-ல இருந்து ஸ்டேஜ் 5 புகை விதி. இதுல துகள் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்ததால டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) இல்லாம ஒப்பேத்துறது கஷ்டம்.

டிபிஎஃபுக்கு எமன் ஐடிலிங். ஏசிக்காக மெஷினை ஓடவிட்டு, லாரி வர்ற வரைக்கும் நிறுத்தி வச்சா சைலன்சர் சூடே ஏறாது. புகைக்கரி தானா எரியணும்னா 250 டிகிரிக்கு மேல வேணும். விளக்கு எரிஞ்சு ஆக்டிவ் ரீஜென் (மெஷினே சூடேத்தி கரியை எரிக்கிறது) தொடங்கிட்டா உள்ளே 550, 600 டிகிரி போகும். வைக்கோல், மரத்தூள், தார்ப்பாய் பக்கத்துல நிறுத்தாதீங்க. அதுக்குப் பயந்து ரீஜென் தடுப்பு சுவிட்சை ஆன்ல போட்டுட்டு மறந்துடுற ஆட்களும் இருக்காங்க. கொஞ்ச நாள்ல பவர் குறையும், அப்புறம் லேப்டாப் வச்சாத்தான் தீரும்.

ஆயில் ஆள்
ரீஜெனைப் பாதியில சாவியைத் திருப்பி நிறுத்துறது இன்னும் மோசம். டிபிஎஃபைச் சூடாக்க சிலிண்டர்லயே கூடுதல் டீசல் தெளிக்கிற இன்ஜின்ல, கொஞ்சம் டீசல் சுவர் வழியா ஆயில்ல இறங்கும். டிப்ஸ்டிக்ல அளவு ஏறியிருந்தா சந்தோஷப்படாதீங்க, ஆயிலை மாத்துங்க. போடறது சிகே-4 கிரேடா இருக்கட்டும், சல்பேட்டட் ஆஷ் (ஆயில் எரிஞ்சா மிஞ்சுற சாம்பல்) 1 சதவீதத்துக்குள்ள. பழைய சிஹெச்-4 டிரம் மிச்சம் இருக்குன்னு இதுல ஊத்தினா சாம்பல் சேரும். கரி எரியும், சாம்பல் எரியாது. டிபிஎஃபைக் கழற்றிச் சுத்தம் பண்ணித்தான் எடுக்கணும்.

பம்ப் ரூம்
ஒண்ணே ஒண்ணு. ஏர் லாக்னு (டீசல் லைன்ல காத்து அடைச்சுக்கிறது) நினைச்சு இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணிட்டு கிராங்க் அடிக்கிறது பழைய இன்ஜின் வைத்தியம். காமன் ரயில்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான டீசல் குழாய்) அழுத்தம் 1,600 பாரும் அதுக்கு மேலயும் இருக்கும். பீய்ச்சுற டீசல் தோலைத் துளைச்சுட்டு உள்ளே போகும். ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், முதல்ல பெரிசா வலிக்காது. காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும், விரலே போகலாம். ஏர் எடுக்க ஃபில்டர் மேல இருக்கிற கை பம்ப் போதும். செகண்டரி ஃபில்டர்ல டீசல் ரொப்பி மாட்டாதீங்க, தூசி நேரா இன்ஜெக்டருக்குப் போகும்.

சைட் மெக்கானிக்
டிபிஎஃப் வாரம் தவறாம நிறையுதுன்னா அதைக் கழற்றுறதுக்கு முன்னாடி ஏர் பக்கம் பாருங்க. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவுல ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும். சோப்புத் தண்ணி தடவி காத்து ஏத்தினா நுரை காட்டிக் கொடுக்கும். அடுத்து டர்போ ஆயில் சீல், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு. டிபிஎஃபோட டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார் (ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் பார்க்கிறது) ஹோஸ் ரெண்டும் கடைசியா. அதுல ஒண்ணு கரி அடைச்சிருந்தா, காலி டிபிஎஃபைக்கூட நிறைஞ்சிருக்குன்னு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) நம்பிடும்.