8000 பெரிதா, 4400 பெரிதா?

பேட்டரியோடு மூன்று பேர் பட்ட அனுபவம், அவரவர் வாயாலேயே.

என் டேப்லெட் பெட்டியில் 8000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளும் மின்னூட்டத்தின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் பொடி எழுத்தில் 4400. கையளவு டேப்லெட்டில் இரண்டு மடங்கு பேட்டரி என்று வீடு முழுக்கப் பெருமையடித்தேன். தங்கை மகன் லேப்டாப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, பக்கத்திலேயே 11.4 வோல்ட் என்று இருக்கிறதே, அதைப் படிக்கவில்லையா?" என்றான்.

படிக்கவில்லை. லேப்டாப்பில் மூன்று செல்கள் தொடர் இணைப்பில் இருப்பதால் வோல்ட் கூடுகிறது, டேப்லெட்டில் 3.85 வோல்ட்தான். எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர், அதாவது பேட்டரி தாங்கும் மொத்த ஆற்றல், வரும். டேப்லெட்டுக்கு 30.8, லேப்டாப்புக்கு 50.16. என் பெருமை அன்றோடு போயிற்று.

ஆனால் அதிக நேரம் தாங்குவது என்னவோ டேப்லெட்தான்! வீடியோ பார்க்கும்போது அது ஏறக்குறைய 4 வாட் இழுக்கிறது. ஏழரை மணி நேரம் ஓடுகிறது. லேப்டாப் சும்மா இணையம் பார்க்கவே 10 வாட் கேட்கிறது, 5 மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. வீடியோ எடிட்டிங்கில் மின்விசிறி இரையத் தொடங்கினால் இரண்டு மணி நேரம்கூடக் கிடையாது. பெரிய குடம்தான், ஓட்டையும் பெரிது.

*

குடமே சுருங்கிய கதை என்னுடையது. மூன்று வருட லேப்டாப், 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்துப் பார்த்தேன். வாங்கியபோது 50 வாட்-அவர். இப்போது முழுதாக ஏற்றினாலும் 31. குற்றவாளி நான்தான். இரவும் பகலும் சார்ஜரிலேயே, 100 சதவீதத்திலேயே வைத்திருந்தேன், அதுவும் சூடான மேசை மூலையில். லித்தியம் பேட்டரிக்கு நிறைந்த வயிறும் வெப்பமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆகாது. பேட்டரியை மாற்றிய கையோடு 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிட்டேன்.

*

வாட்-அவர் கணக்கை நான் விமான நிலையத்தில் கற்றேன். பையில் 30000 எம்ஏஎச் பவர் பேங்க். அதன்மேல் அச்சிட்டிருந்த வாட்-அவர் வரி தேய்ந்து, 30000 மட்டும் பளிச்சென்று இருந்தது. சோதனை அதிகாரி ஒரு துண்டுத் தாளில் 30000-ஐ 1000-ஆல் வகுத்து, வந்த 30-ஐ உள்ளிருக்கும் செல்லின் வோல்ட்டான 3.7-ஆல் பெருக்கி 111 என்று எழுதிக் காட்டினார். 100 வாட்-அவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டுமாம். நான் வாங்கியிருக்கவில்லை. அங்கேயே விட்டுவிட்டு ஏறினேன். லேப்டாப்பில் 12 சதவீதம்தான் மிச்சம்.

இப்போது வைத்திருப்பது 20000; 74 வாட்-அவர். அந்த வரி தேயாமலிருக்க அதன்மேல் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறேன்.