கலைச்சொல்: காடுமேட்டு மூன்று சில்லு வண்டிக்கு ‘மூவுருளி’

> ஏ.ரி.சி. என்பதற்கு ‘அனைத்துத் தரை முச்சக்கர வண்டி’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம் தம்பி. ஏ.ரி.சி. (ATC, All-Terrain Cycle) என்பது காடு மேட்டில் ஓட ஹொண்டா செய்த மூன்று சில்லு மோட்டார் வண்டி. ஆனால் அந்தப் பெயரின் முன்பாதியும் பின்பாதியும் வாசிக்கிறவரைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகின்றன. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பின்பாதியை முதலில் எடுப்போம். இலங்கையில் முச்சக்கர வண்டி என்றால் ஓட்டோதான். பத்திரிகையில் விபத்துச் செய்தி வந்தாலும் சரி, அரசாங்கப் படிவத்தில் இருந்தாலும் சரி, அந்தச் சொல் வேறு எதையும் குறிப்பதில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் வரிசையாக நிற்கிற பஜாஜுக்கும் ஹொண்டாவின் ஏ.ரி.சி.க்கும் சில்லுகளின் எண்ணிக்கை மட்டும்தான் ஒன்று. ஓட்டோவில் உள்ளே இருந்து ஓட்டுகிறோம், வளைவில் உடம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் சாரதிக்குப் பெரிய கவலை இல்லை. ஏ.ரி.சி.யில் மோட்டார் சைக்கிளைப் போல இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்க வேண்டும், வளைவில் ஓட்டுகிறவரின் உடம்பும் சேர்ந்துதான் வண்டியைத் திருப்புகிறது. ஓட்டோவின் பின் சில்லுகளுக்கு இடையில் டிபரன்சியல் இருக்கிறது, வளைவில் வெளிச்சில்லு கூடுதலாகச் சுற்றும். ஏ.ரி.சி.யில் அது இல்லை. ஒரே இரும்பு அச்சில் இரண்டு சில்லும் பிணைந்து ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. இந்த அச்சுக்கு நான் ‘பிணையச்சு’ என்று முன்மொழிகிறேன்.

இனி முன்பாதி. ‘அனைத்துத் தரை’ என்பது விற்கிறவர் வைத்த பெயர். பிணையச்சுள்ள வண்டி வளைவில் திரும்ப வேண்டுமென்றால் ஒரு பின் சில்லாவது வழுக்கியே ஆகவேண்டும். மணலிலும் சேற்றிலும் அது இலகுவாக வழுக்கும். தார் றோட்டில் வழுக்காது, ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும், இல்லாவிட்டால் திடீரென்று பிடித்து உள்ப்பக்கச் சில்லைத் தூக்கிவிடும். தார் றோட்டுக்கு உதவாத வண்டியை எல்லாத் தரைக்கும் உரியது என்று நாங்கள் அகராதியில் எழுதிவைத்தால், அதை நம்பிப் புதிதாக ஓடப் பழகுகிற ஒருவர் முதல் வேலையாக வீட்டுக்கு முன்னால் உள்ள றோட்டில்தான் ஓடிப் பார்ப்பார். எனக்கு இருக்கிற பயம் அதுதான்.

அதனால் ‘காடுமேட்டு மூவுருளி’. காடு மேடு எல்லாம் அலைந்தேன் என்று எவரும் சொல்வதுதான், புதிதாக விளக்கம் தேவையில்லை. உருளி எங்களுக்குப் புதிதல்ல, மோட்டார் சைக்கிளை ‘உந்துருளி’ என்று எங்கள் பத்திரிகைகள் எத்தனையோ வருடமாக எழுதுகின்றன. இது அந்த உந்துருளியின் உறவுக்கார வண்டி, ஹாண்டிலும் இருக்கையும் கால்மிதியும் அப்படியே. மூவுலகு, மூவாயிரம் போல மூவுருளி. நான்கு சில்லுள்ள தம்பி வண்டிக்கு ‘நாலுருளி’. முதல் தடவை முழுப்பெயரை எழுதிவிட்டு, பிறகு மூவுருளி என்றால் போதும். முன்னால் இரண்டு சில்லு வைத்த ஸ்கூட்டர்களும் இப்போது றோட்டில் ஓடுகின்றன, ‘காடுமேட்டு’ என்ற அடை அவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும்.

இந்தச் சொல்லை நான் எடுத்ததற்குக் காரணம் கனடாவில் இருக்கிற என் மச்சான். ஆறடிக்கு மேல் உயரம், 120 கிலோ பாரம், மோட்டார் சைக்கிள்கூட ஓடிப் பழக்கமில்லை. பழைய மூவுருளி ஒன்று வாங்க ஆசைப்பட்டு, எதை எடுக்கலாம் என்று கேட்டான். தமிழில் எழுதி அனுப்ப உட்கார்ந்தபோது பாதிக்கு மேல் சொல்லே இல்லை. ஆகவே அவனுக்கு எழுதியதையே இங்கும் தருகிறேன், சொற்கள் வேலை செய்கின்றனவா என்று இதில் பார்க்கலாம்.

பின்னணி சுருக்கமாக. மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிற குளிர்காலத்தில் விற்க ஏதாவது தாருங்கள் என்று அமெரிக்க முகவர்கள் 1967இல் ஹொண்டாவைக் கேட்டார்கள். ஒசாமு தகேயுச்சி என்ற பொறியியலாளர் பல அமைப்புகளைச் செய்து பார்த்து மூன்று சில்லில் நின்றார். 1970இல் 89 சிசி எஞ்சினோடு வந்தது, விலை 595 டொலர். ஸ்பிரிங் கிடையாது, காற்றுக் குறைந்த பொம்மல் ரயர்தான் குலுக்கலையும் தாங்கியது. 1980களில் யமஹா, கவாசாகி, சுசுகியும் இறங்கின. விபத்துகள் பெருகி, 1988இல் அமெரிக்க அரசோடு கொம்பனிகள் நீதிமன்றம் மூலம் செய்துகொண்ட உடன்பாட்டோடு அங்கே புதிய மூவுருளி விற்பனை நின்றது. ஹொண்டாவின் கடைசி ஏ.ரி.சி.கள் 1987 மொடல். ஆகவே மச்சான் பார்க்கப்போகிற ஹொண்டா எதுவானாலும் வயது நாற்பதை நெருங்கிய, அல்லது தாண்டிய வண்டி.

“பெரிய ஆளுக்குப் பெரிய எஞ்சின் வேணும்” என்று அவனுக்கு யாரோ சொல்லி, ஹொண்டாவின் 250 ஆர் (250R) மொடல் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அது இரண்டடி (two-stroke) எஞ்சின், பந்தயத்துக்குக் கிட்டியது. கீழ் வேகத்தில் சோம்பலாக இருந்துவிட்டு நடுவில் ஒரேயடியாக இழுக்கும், முன் சில்லு ஒன்றுதான் இருப்பதால் அது உடனே எழும்பும். பழகாதவருக்கு அது வேண்டாம். கிளச் பிடித்து ஓட வேண்டிய 200 எக்ஸ், 350 எக்ஸ் இரண்டும் முதல் வண்டிக்கு உகந்தவை அல்ல. மறுபக்கம், பயத்தில் சின்னதாக 110ஐ எடுத்தால் அதுவும் சரிவராது. எஞ்சின் இழுக்காது என்பதல்ல காரணம், இருக்கை கட்டை, முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும், உடம்பை அசைக்க இடம் கிடையாது.

அசைகிற இடம்தான் பெரிய உடம்புக்காரர் பார்க்க வேண்டிய முதல் விஷயம். மூவுருளியில் வளையும்போது மேலுடம்பை உள்ப்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் கால்மிதியில் பாரத்தை ஊன்ற வேண்டும். அப்போது உட்சில்லின் பாரம் குறைந்து அது வழுக்கும், வண்டி திரும்பும். ஏற்றத்தில் முன்னுக்குக் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னுக்கு நகர வேண்டும். 120 கிலோ சரியான பக்கம் நகர்ந்தால் அதுவே வண்டியைப் பிடித்து வைக்கும், அசையாமல் நடுவில் இருந்தால் அதே 120 கிலோ வண்டியைக் கவிழ்க்கும். இதற்கு ‘சாய்வீடு’ என்று ஒரு சொல் முன்பு எங்கள் கலைச்சொல் உரையாடலில் வந்தது, சாய்வால் ஈடுசெய்வது என்று பொருள். வாசிக்கிறவர் சாய்ந்த வீடு என்றுதான் எடுப்பார். ‘சாய்ந்துகொடுத்தல்’ என்று வினையாகவே வைப்போம், “வளைவில் சாய்ந்துகொடு” என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆக, அவனுக்கு நான் சொன்னது 200 எஸ், அல்லது சாமான் தட்டுகளோடு வந்த 200 இ பிக் றெட். நாலடி (four-stroke) எஞ்சின், கீழ் வேகத்திலேயே இழுவை, கியர் மாற்ற வேண்டும் ஆனால் கையில் கிளச் இல்லை. கொஞ்சம் காசு கூடப் போட முடிந்தால் 250 எஸ்.எக்ஸ்., அல்லது 250 இ.எஸ். பிக் றெட். செயினுக்குப் பதில் ஷாப்ட், பொத்தானில் ஸ்டார்ட், றிவேர்ஸ் கியரும் உண்டு. உடம்பு பெரிய ஆளுக்கு இவற்றில் அசைய இடம் இருக்கும்.

ரயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ‘குறைகாற்று ரயர்’ என்று எழுதுவோம், ஏனென்றால் இதில் காற்று அவ்வளவு குறைவு. மோட்டார் சைக்கிளுக்குச் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் அடிக்கிறோம், இதற்கு மொடலைப் பொறுத்து 2, 3 இறாத்தல். பெற்றோல் செட்டில் இருக்கிற மானியில் அந்த அளவு வாசிக்கவே முடியாது, தனியான குறையழுத்த மானி வாங்க வேண்டும். பாரமான ஆள் என்று நினைத்துக் கூட அடித்தால் வண்டி பந்து மாதிரித் துள்ளும், பிடிமானமும் போய்விடும். இன்னொன்று, பின் ரயர் இரண்டின் சுற்றளவையும் தையற்கார ரேப்பால் அளந்து பார்க்க வேண்டும். பிணையச்சில் ஒரு ரயர் கொஞ்சம் பெருத்திருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், வாங்கினவர் ஹாண்டில் கோணல் என்று நினைத்து முன்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

வாங்கப் போகும்போது பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, ஒரு சில்லை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அச்சின் பெயரிங் போய்விட்டது. கால்மிதி பிடித்திருக்கிற இடத்திலும் ஹாண்டில் கழுத்தடியிலும் பெயின்றுக்குக் கீழே வெடிப்போ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. பாரமான ஆள் எழும்பி நின்று ஓடும்போது அந்த இரண்டு இடமும்தான் தாங்குகின்றன.

கடைசியாக, கால். வடமராட்சி மணற்காட்டில் சவுக்கங்காட்டுக் கரையால் மோட்டார் சைக்கிள் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும், முன் சில்லு மணலில் ஆடத் தொடங்கியதும் கால் தானாக நிலத்தில் ஊன்றப் போகும். உந்துருளியில் அது காப்பாற்றும். மூவுருளியில் கால்மிதிக்கு நேர் பின்னால் அகலமான பின் சில்லு இருக்கிறது, ஊன்றின காலின் குதியில் அது ஏறிக் காலைக் கீழே இழுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது கால் மிதியை விட்டு இறங்கவே கூடாது. கணுக்காலை மூடுகிற சப்பாத்தும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஏறவும் கூடாது. மச்சானுக்கு இதை இரண்டு தடவை எழுதினேன்.

> உருளி என்றால் தமிழ்நாட்டில் சமையல் பாத்திரம் என்று எடுக்க மாட்டார்களா? ‘மூவுந்து’ என்றால் பேருந்து, மகிழுந்து வரிசையில் வருமே அண்ணை.

பாத்திரத்தில் ஏறி யாரும் ஓடுவதில்லை அக்கா, வசனத்திலேயே பொருள் தெளிந்துவிடும். பேருந்து, மகிழுந்து, சரக்குந்து எல்லாம் உள்ளே இருந்து ஓட்டுகிறவை. மோட்டார் சைக்கிளுக்கு ‘விசையுந்து’ என்று தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் மூவுந்து என்று போட்டால் வாசிக்கிறவர் திரும்பவும் ஓட்டோவைத்தான் நினைப்பார், எதிலிருந்து விலக வேண்டும் என்று தொடங்கினோமோ அதிலேயே போய் நிற்போம். தமிழ்நாட்டு வாசகருக்காக வேண்டுமானால் பதிவில் ‘மூவுந்து’வையும் மாற்றுச்சொல்லாகக் குறித்து வைக்கலாம், எனக்கு மறுப்பில்லை. தலைச்சொல் மூவுருளியாக இருக்கட்டும். பிணையச்சு, குறைகாற்று ரயர், சாய்ந்துகொடுத்தல் மூன்றுக்கும் எதிர்ப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள். ‘ரயர்’ என்ற எழுத்துக்கூட்டலை மட்டும் ‘டயர்’ ஆக்கச் சொல்லாதீர்கள், இரண்டையும் பதிவில் போடுவோம்.